இறைத்துத் தீர்ந்த கிணறும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

தந்தையார் படுத்த படுக்கையாக இருந்த நாட்களில், இரவெல்லாம் அவர் அருகில் விழித்திருந்துவிட்டுப் பகலில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தேன். மூன்றாவது வாரத்தில் இனித் தாங்காது என்ற நிலை வந்தபோது, நான்கு நாள் விடுப்புக் கேட்டு மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ‘டயர்டு’ என்ற சொல் அந்த நிலையைச் சொல்லப் போதாது என்று தோன்றியதால், ‘ஐ ஆம் வெரி எக்ஸாஸ்டிங்’ என்று எழுதி அனுப்பினேன். விடுப்பு கிடைத்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு ‘நான் பிறரை மிகவும் களைக்க வைப்பவன்’ என்பதே பொருள் என்று பல மாதங்கள் கழித்துத் தெரியவந்தபோது மனம் வலித்தது. எழுத வேண்டிய சொல் ‘எக்ஸாஸ்டட்’. அன்றுமுதல் அந்த ஒரு சொல்லை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு உண்டாயிற்று.

அகராதியில் ‘மிகவும் களைத்துப்போன’ என்று பொருள் போட்டிருந்தது. அது எனக்குப் பெரிதாக உதவவில்லை. வழி திறந்தது சொல்லின் வேரைப் பார்த்த பிறகுதான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் மூலம் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘ஹௌரிரே’ என்றால் நீரை மொள்ளுதல், இறைத்தல். ஆக, அடிவரை இறைத்து நீர் வற்றிய கிணறுதான் இச்சொல்லுக்குள் இருக்கும் படம். இறைக்க இறைக்கக் கிணறு ஊறும் என்று நாம் சொல்வோம். ஊறுவதற்கு அவகாசமே கொடுக்காமல் இறைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதைத்தான் இந்த ஆங்கிலச் சொல் சொல்கிறது.

இந்தப் படம் மனத்தில் பதிந்த பிறகு, மனப்பாடம் செய்தும் நிற்காத வேறுபாடுகள் தாமாக விளங்கின. இறைப்பது ‘எக்ஸாஸ்டிங்’; இறைக்கப்பட்டு வற்றியது ‘எக்ஸாஸ்டட்’. நீண்ட பயணமும், ஓயாத கூட்டங்களும், இரவு முழுவதும் கண்விழிப்பதும் ‘எக்ஸாஸ்டிங்’. அவற்றுக்கு ஆளான மனிதர் ‘எக்ஸாஸ்டட்’. எதனால் வற்றினோம் என்று சொல்ல வேண்டுமானால் ‘பை’ அல்லது ‘ஃப்ரம்’ சேர்த்துக்கொள்ளலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘எக்ஸாஸ்டிவ்’ என்ற சொல்லுக்குக் களைப்போடு தொடர்பே இல்லை. ஒன்றையும் விட்டுவைக்காமல் துழாவி எடுத்த ஆய்வையோ பட்டியலையோ அது குறிக்கும். அலுவலகக் கடிதத்தில் ‘எக்ஸாஸ்டிவ் ரிப்போர்ட்’ என்று எழுதுவது பாராட்டு. ‘எக்ஸாஸ்டிங் ரிப்போர்ட்’ என்று எழுதினால், அதைப் படித்து அலுத்துவிட்டதாகப் பொருள் வந்துவிடும். வண்டியின் புகைபோக்கியை ‘எக்ஸாஸ்ட்’ என்பதும் எரிந்து முடிந்த வாயுவை வெளியே எடுத்துவிடுவதால்தான்.

என் கடிதத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. ‘வெரி’ என்ற அடைமொழியை ‘டயர்டு’ என்பதோடு தயங்காமல் சேர்க்கலாம். ‘எக்ஸாஸ்டட்’ என்பதோ ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் சொல் என்பதால், கவனமாக எழுதுபவர்கள் அதற்கு முன் ‘வெரி’ போடுவதைத் தவிர்த்து, ‘கம்ப்ளீட்லி’, ‘அப்ஸல்யூட்லி’ போன்றவற்றையே சேர்க்கிறார்கள். முதலில் இது வீண் நுணுக்கமாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் நாமும் ‘அரிசி மிகவும் தீர்ந்துவிட்டது’ என்று சொல்வதில்லை. ‘முற்றிலும் தீர்ந்துவிட்டது’ என்றே சொல்கிறோம். தீர்ந்ததில் ஏது கூடுதல், குறைவு? கையிருப்பு தீர்ந்தாலும், பொறுமை தீர்ந்தாலும், முயன்று பார்க்க வழிகள் எல்லாம் தீர்ந்தாலும் ஆங்கிலத்தில் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒலிப்பைப் பற்றியும் ஒரு குறிப்பு: எழுத்தில் நடுவே நிற்கும் ‘ஹெச்’ ஒலிப்பதில்லை, அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். நான் நெடுநாள் ‘எக்ஸ்ஹாஸ்டட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதே நிலையை நெருங்கிய நண்பர்களிடம் பிரிட்டிஷ்காரர்கள் ‘நேக்கர்டு’ என்பார்கள். அது பேச்சுக்கு மட்டுமே உரியது, அலுவலகக் கடிதத்துக்கு ஒவ்வாது. சோர்வைக் குறிக்க மருத்துவர்களும் பொறியாளர்களும் எடுத்தாளும் சொல் ‘ஃபடீக்’. சிறு சுமையாக இருந்தாலும் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் உலோகத்தில்கூட விரிசல் விடும். 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதற்கு இத்தகைய உலோகச் சோர்வே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. உலோகத்துக்கும் மனிதருக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது, ஏனென்றால் என்னை வீழ்த்தியதும் ஏதோ ஒரு பெரிய இரவு அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக வந்த இருபது சிறிய இரவுகள்.

இவ்வளவும் கற்ற பிறகு, தமிழில் இதற்கு ஈடான சொல் எது என்று தேடிப் பார்த்தேன். களைப்பு, அசதி, அயர்ச்சி, சோர்வு எல்லாம் ‘டயர்டு’ என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. கூடுதலாக ஏதேனும் அடைமொழி கேட்கின்றன. ‘ஓய்ந்துபோனேன்’ என்பது ஓரளவு நெருங்குகிறது. ஆனால் நான் தேடியது வீட்டிலேயே, என் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது. அந்த மூன்றாவது வாரத்தில் ஒருநாள் விடியற்காலை, தந்தையாருக்கு உடை மாற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அம்மாவிடம் “முடியலையாம்மா?” என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, “அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குப்பா” என்றார். அந்த வாக்கியத்தை இன்று யாராவது என்னிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘வெரி’ சேர்க்காமல், தயங்காமல், ‘எக்ஸாஸ்டட்’ என்று எழுதுவேன்.