மஞ்சள் தடவியதால் தள்ளிப்போன பரிசோதனை

மழையில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்து மூன்று வாரம் இருக்கும். ஒருநாள் பார்த்தால் அதன் வலது காது மடலில் முடி கொட்டி, சாம்பல் ஒட்டியதுபோல் செதில். பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தவுடனே அலர்ஜி என்று ஓர் ஊசி போட்டார்கள். குறையவில்லை. அம்மா சொன்னபடி தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினேன்.

அதற்குள் அக்கா மகளின் கையில் வட்டமாக ஒரு தடிப்பு. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “வீட்ல பூனை இருக்கா?” படர்தாமரை! குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொரு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் அறையை இருட்டாக்கி, வுட்ஸ் விளக்கு என்கிற புற ஊதா விளக்கைப் போட்டுச் சில நிமிடம் சூடேற விட்டார். காதருகே கொண்டுபோனதும் பளிச்சென்று மின்னியது. “பூஞ்சைதானா டாக்டர்?” என்றேன். “மஞ்சள் தடவினீங்களா? அதுவும் இந்த வெளிச்சத்துல மின்னும்மா. துடைச்சு விட்டுட்டு, மூணு நாள் எதுவும் தடவாம கொண்டு வாங்க.” என்னால் மூன்று நாள் போயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுபடி போனபோது லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தோல் மின்னவில்லை. முடித்தண்டு மட்டும் இளம்பச்சையாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளிர்ந்தது. அது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையின் அடையாளம். பூனைகளின் படர்தாமரைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மின்னாவிட்டால் நோயில்லை என்றும் சொல்லிவிட முடியாதாம். ஒளிர்ந்த முடிகளை மட்டும் இடுக்கியால் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் காட்டினார். முடியைச் சுற்றிலும் மணல் அப்பியதுபோல் பூஞ்சை வித்துகள்.

அப்புறம் கல்ச்சர், அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை. புது டூத் பிரஷால் உடம்பு முழுக்க வாரி, தட்டில் இருந்த, பூஞ்சை வளர்வதற்கான மஞ்சள் நிற ஊடகத்தில் ஒற்றி வைத்தார். ஒரு புண்கூட இல்லாத எங்கள் பெரிய பூனைக்கும் எடுத்தார். ஏழாம் நாள் குட்டியின் தட்டில் வெள்ளைப் பஞ்சுபோல் வளர்ந்து, சுற்றிலும் ஊடகம் சிவந்திருந்தது. படர்தாமரைப் பூஞ்சை வளரும்போதே ஊடகத்தைச் சிவப்பாக்கும்; வேறு பூஞ்சைகளும் நாள்பட்டால் சிவப்பாக்கிவிடும் என்பதால் தட்டைத் தினமும் பார்க்க வேண்டுமாம்.

பெரிய பூனையின் தட்டும் சிவந்திருந்தது. தினமும் என் தலையணையில் படுப்பவள்!

குட்டிக்கு இட்ரகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு. இரண்டுக்கும் வாரம் இருமுறை மருந்து ஷாம்பு. ஆறாம் வாரமே காதில் முடி முளைத்துவிட்டது. நிறுத்திவிடலாமா என்றதற்கு டாக்டர் சம்மதிக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு கல்ச்சரில் எதுவும் வளராத பிறகுதான் மருந்தை நிறுத்தினோம். அதற்குப் பத்து வாரம் ஆயிற்று.