கைமாறிய எலெக்ட்ரிக் கிட்டாரில் எது அசல், எது ஒட்டு?

பல கை மாறி வந்த எலெக்ட்ரிக் கிட்டாரில் கடைசியாக நம்ப வேண்டியது ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிட்டாரின் தலைப்பகுதியில், உள்ள பெயரைத்தான். லோகோ ஸ்டிக்கர் யாருக்கும் கிடைக்கும். சீரியல் நம்பர் பொறித்த நெக் பிளேட்டை நான்கு ஸ்க்ரூ கழற்றி இன்னொரு கிட்டாரில் மாட்டிவிடலாம். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது), பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் அமரும் தாங்கி), டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு) எல்லாமே கழன்று வருபவை. மரம் மட்டும் அப்படியில்லை. அதில் போட்ட துளையையும் குடைந்த குழியையும் மூடி மறைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. அதனால் ஆராய்ச்சியை மரத்திலிருந்து தொடங்குங்கள்.

எதையும் கழற்றும் முன் ஒரு அளவு. நட்டின் (நெக்கின் தலைமுனையில் கம்பிகள் தங்கும் பட்டை) முன்விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஸ்கேல், கம்பி அதிரும் நீளம். 324 மி.மீ. வந்தால் ஸ்கேல் 648. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் (ஸ்ட்ராட்) டெலிகாஸ்டரும் (டெலி) இந்த அளவு. 314 வந்தால் லெஸ் பால் வகைக் கிப்சன். 317.5 வந்தால் 635, பெரும்பாலான பிஆர்எஸ் கம்பெனிக் கிட்டார்கள் இதுதான். ஃபெண்டரிலேயே முஸ்டாங், ஜாகுவார் போன்றவை 610 என்பதால் மாடலையும் சேர்த்துப் பாருங்கள். லோகோ ஒன்றும் அளவு வேறொன்றும் சொன்னால் நெக் மாறியிருக்கிறது, அல்லது லோகோ பொய்.

பிறகு கம்பிகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு பிக்கார்டையும் (பாடியின் முகத்தை மூடும் தகடு), ஸ்க்ரூவில் மாட்டிய நெக் என்றால் நெக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், வயரிங்கை மட்டும் நாலு கோணத்தில். ஃபேக்டரியில் குடைந்த குழியின் சுவர் வழவழப்பாக, மூலைகள் ஒரே வளைவில், உள்ளே பெயின்ட் அல்லது இரைச்சலைத் தடுக்கும் கருப்பு ஷீல்டிங் பூச்சோடு இருக்கும். வீட்டில் குடைந்தது என்றால் பூச்சில்லாத வெறும் மரம் தெரியும், சுவரில் உளி அல்லது ரூட்டர் துள்ளிய தடம் இருக்கும், ஆழமும் சீராக இருக்காது. மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) இருந்த ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கருக்காக (இரட்டைச் சுருள் பிக்கப்) அகலப்படுத்திய குழி இப்படித்தான் தெரியும்.

பெயின்ட் அசலா என்பதற்கு பழைய ஃபெண்டரில் அழகான ஒரு தடயம் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை பெயின்ட் அடிக்கும்போதும் காயவைக்கும்போதும் பாடியின் முகத்தில் சிறு ஆணிகள் அடித்து அதன்மேல் நிறுத்தினார்கள். பெயின்ட் காய்ந்தபின் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே அசல் பூச்சில், பிக்கார்டுக்கு அடியில் உள்ள அந்த ஆணித் துளைக்குள் வெறும் மரம் தெரிய வேண்டும். துளைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் மறுபூச்சு. பிற்காலக் கிட்டாருக்கு புற ஊதா விளக்கு போதும். இருட்டறையில் காட்டினால் வயதான நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், பின்னால் தொட்டுச் சரிசெய்த இடம் தனித் திட்டாகத் தெரியும். கிப்சன் வகையில் நட்டுக்குப் பின்புறம், நெக் மெலியும் இடத்தைக் கட்டாயம் இப்படிப் பாருங்கள். ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியிருந்தால் அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும். நன்றாக ஒட்டிய உடைசல் வாசிப்பைப் பாதிக்காது, விலையைப் பாதிக்கும்.

பூச்சு எந்த வகை என்று தெரியாவிட்டால், பிக்கார்டுக்கு அடியில் கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஒரு துளி அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். நைட்ரோ உடனே இளகிப் பிசுபிசுக்கும். பாலியெஸ்டரும் முற்றிய பாலியூரித்தேனும் அசையாது.

இனி எண்கள். நெக்கின் அடிக்கட்டையில் முத்திரை இருந்தால் படியுங்கள். 1962 முதல் அந்தப் பத்தாண்டின் கடைசி வரையான ஃபெண்டரில் ‘2 மார்ச் 63 பி’ என்பதுபோல ஒரு முத்திரை வரும். முதல் எண்ணைத் தேதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது நெக்கின் மாடல் குறியீடு. கடைசி எழுத்து நட் அகலம், ‘பி’ என்றால் சுமார் 41 மி.மீ. கிப்சனில் 1977 முதல் நெடுங்காலம் பெரும்பாலான மாடல்களுக்கு எட்டு இலக்கம்: முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டு, இடையில் உள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82763501 என்றால் 1983இன் 276ஆவது நாள், அதாவது அக்டோபர் 3.

பொட்டென்ஷியோமீட்டரின், பேச்சு வழக்கில் பாட்டின், முதுகில் அடித்த எண் இன்னும் பயனுள்ளது. 1377633 என்று இருந்தால் 137 சிடிஎஸ் கம்பெனி, 76 ஆண்டு, 33 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். இந்தத் தேதி ஒரு திசையில்தான் பேசும்: கிட்டார் அந்தத் தேதிக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது, பின்னால் எவ்வளவும் இருக்கலாம். ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிப் போட்ட பாட்கள் அந்தப் பத்தாண்டின் கடைசி வரை கிட்டார்களில் வந்தன. மூன்று பாட்டில் இரண்டு ஒரே வாரம், மூன்றாவது பதினைந்து வருடம் கழித்து என்றால் எது மாறியது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. சால்டரையும் பாருங்கள். பாட்டின் முதுகில் மங்கலாக, உருண்டையாக, ஒட்டாமல் நிற்கும் சால்டர் குளிர்ந்த இணைப்பு. அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பிக்கப்பைக் கழற்றாமலே ஓரளவு அளக்கலாம். கேபிளை ஜாக்கில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரால் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பழைய பாணி ஸ்ட்ராட் சிங்கிள் காயில் 5.5 முதல் 6.5 கிலோ ஓம், சாதாரண ஹம்பக்கர் 7 முதல் 9, ஹை அவுட்புட் வகை 13க்கு மேல். வால்யூம் பாட் பிக்கப்புக்கு இணையாக நிற்பதால் கணக்கில் கொஞ்சம் குறையும்: 6 கிலோ ஓம் பிக்கப் 250 கிலோ ஓம் பாட்டோடு 5.86 காட்டும்.

இந்தச் சிறு வித்தியாசம் ஒரு பெரிய கோளாறைக் காட்டிக்கொடுக்கும். இஎம்ஜி மாதிரி ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பிக்கப் இருந்த கிட்டாரில் 25 கிலோ ஓம் பாட்கள், மூன்று முனையுள்ள ஸ்டீரியோ ஜாக், 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் எல்லாம் இருக்கும். அதைப் பிடுங்கி பேட்டரி தேவைப்படாத சாதாரண பேசிவ் பிக்கப்பைப் போட்டவர் பாட்களை மாற்றாமல் விட்டிருப்பார். 8 கிலோ ஓம் ஹம்பக்கர் அப்போது ஜாக்கில் 6 அளவுக்குத்தான் காட்டும். சத்தம் கம்பளி போர்த்தியதுபோல மூடிக்கொண்டு வரும். பிக்கப் செத்துவிட்டது என்று புதிது வாங்க ஓடாதீர்கள். ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட் போட்டால் கிட்டார் உயிர்பெறும்.

இரண்டு பிக்கப்பைச் சேர்த்துப் போடும்போது மட்டும் சத்தம் ஒல்லியாக, மூக்கால் பேசுவதுபோல வந்தால் ஃபேஸ் மாறியிருக்கிறது. ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் போதும். ஆனால் டெலியின் நெக் பிக்கப்போல உலோக மூடி இருந்தால், மூடியிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் இணைப்பை முதலில் வெட்டித் தனி வயர் கொடுங்கள். இல்லையென்றால் மூடியே ஹாட் (சிக்னல் போகும் முனை) ஆகி, கை பட்டாலே இரையும். நான்கு வயர் ஹம்பக்கரில் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். டன்கன் கம்பெனி பிக்கப்பில் கருப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக, பச்சை கிரவுண்டு. டிமார்சியோவில் சிவப்பு ஹாட், கருப்பும் வெள்ளையும் ஒன்றாக, பச்சை கிரவுண்டு. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்ததால் வந்த கோளாறுதான் பழைய கிட்டார்களில் அடிக்கடி தென்படுவது.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்குவது இயல்பு. தொட்டும் அடங்கவில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு வயர் இல்லை. பிரிட்ஜ் மாற்றியவர்கள் அதை மறந்துவிடுவார்கள். தொட்டால் இரைச்சல் கூடினால் ஜாக்கில் ஹாட்டும் கிரவுண்டும் தலைகீழ்.

மீட்பு வேலைக்கு என் விதி: இனிமேல் புதிதாக மரத்தை வெட்டக் கூடாது. மறைந்திருக்கும் குழியை மூட வேண்டியதில்லை. ஹம்பக்கருக்குக் குடைந்த ஸ்ட்ராட்டில் மூன்று சிங்கிள் காயில் பிக்கார்டு போட்டால் குழி கண்ணில் படாது. அதை மரம் வைத்து அடைப்பது வீண் உழைப்பு. ஒருமுறை மறுபூச்சு கண்ட பாடிக்கு இன்னொரு பூச்சும் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் தேய்த்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும்.

வேலை நெக்கில் தொடங்கட்டும். ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) கால் சுற்றாவது இரு பக்கமும் திரும்புகிறதா என்று பாருங்கள். முழுதாக இறுகி மேலே திரும்பாவிட்டால் வலுக்கட்டாயம் பண்ணாமல் ராடின் திருகு நட்டைக் கழற்றி ஒரு வாஷர் சேர்த்துப் பாருங்கள். ராடு முறிந்தால் ஃபிங்கர்போர்டையே பிரிக்க வேண்டிவரும். ஃப்ரெட்டின் உயரம் எங்காவது 0.6 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் தேய்த்துச் சமப்படுத்த இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். உயரம் இருந்தால் நெக்கை நேராக்கி, ஃப்ரெட்களின் தலையில் மார்க்கர் பூசி, சமமான பீமில் 320 உப்புத்தாள் ஒட்டி, எல்லாத் தலையிலும் மை அழியும் வரை மட்டும் தேய்க்கவும். பிறகு கிரவுன் அரத்தால் தலையை உருட்டி, உப்புத்தாளில் 400இலிருந்து 2000 வரை ஏற வேண்டும். கடைசியில் இரும்புக் கம்பளி போட்டால் பிக்கப்பை டேப்பால் மூடுங்கள். அந்த இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

இதில் மிகக் கடினமானது ஃபிளாய்ட் ரோஸ் (கம்பிகளைப் பூட்டி வைக்கும் ஆடும் பிரிட்ஜ்) பொருத்துவதற்காக வெட்டப்பட்ட நட் மேடை. பூட்டு நட் உட்கார வேண்டும் என்று மரத்தைப் படியாக இறக்கி, பின்புறமாக இரண்டு ஸ்க்ரூத் துளையும் போட்டிருப்பார்கள். துளைகளை அடைத்து, படியின்மேல் ஃபிங்கர்போர்டின் அதே மரத்தில் ஒரு கட்டையைப் பொருத்தி, அதன்மேல் சாதாரண நட். இதில் தவறக் கூடாத அளவு ஒன்றே: நட்டின் முன்விளிம்பிலிருந்து முதல் ஃப்ரெட்டின் நடு வரை 648 ஸ்கேலில் 36.4 மி.மீ., 628இல் 35.2. இது அரை மி.மீ. நகர்ந்தால் திறந்த கம்பியும் முதல் ஃப்ரெட் கார்டும் ஒத்துப்போகாது. பிரிட்ஜில் எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது.

தேவையற்ற ஸ்க்ரூத் துளைகளை அடைக்கும்போது கடையில் விற்கும் உருளைக் குச்சியைச் செருகினால் அதன் நார் துளையின் நீளவாக்கில் நிற்கும். மேலே தெரிவது நாரின் வெட்டுமுகம். பெயின்ட் வேறுவிதமாக உறிஞ்சும், அதற்குள் திருகும் ஸ்க்ரூவும் பிடிக்காது. பிளக் கட்டரால் பாடியின் அதே மரத்தில், நார் குறுக்காக வருமாறு சிறு கட்டை வெட்டி, மரப்பசையோடு செருகி, 24 மணி நேரம் விட்டுப் பிறகுதான் புதிய துளை போட வேண்டும். பிக்கார்டு ஸ்க்ரூவுக்கு 2 மி.மீ. துளை போதும். ஸ்க்ரூவில் மெழுகு தடவினால் தலை முறியாது.

டியூனர் மாறியிருந்தால் துளையைப் பாருங்கள். பழைய க்ளூசன் வகைக்குச் சுமார் 8.8 மி.மீ., ஷாலர் வகைக்கு 10 மி.மீ. பெரிதாக்கிய துளையை மரத்தால் அடைக்க வேண்டாம். க்ளூசன் டியூனரைப் பெரிய துளையில் பொருத்தும் அடாப்டர் புஷிங் தனியாகவே கிடைக்கிறது.

கடைசியில் செட்டப். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) வைத்து, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 7ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி. கேப்போவை எடுத்தபின் 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த கம்பி 2.0, மெல்லியது 1.6 மி.மீ. 12இல் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட (அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) ஏறியிருந்தால் சாடிலைப் (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்துங்கள். புதிய கம்பி போட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும், பழைய கம்பியில் எந்தக் கணக்கும் சரியாக வராது. ஒரு வாரம் கழித்து நெக் புதிய இழுவைக்குப் பழகியபின் இடைவெளியை மறுபடி அளந்து, தேவைப்பட்டால் ட்ரஸ் ராடை எட்டில் ஒரு சுற்று திருப்புங்கள். கழற்றிய பழைய பாகங்களை, தேதி தெரியும் பாட்களோடு, ஒரு பையில் போட்டு கேஸிலேயே வையுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.