பின் டயர், ஐந்தாவது தடவை

நேற்று சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, நானே டயரைக் கழற்றி மாட்டிய பின்சக்கரம் மறுபடி வண்டியில் ஏறிவிட்டது. ட்யூப் கடிபடவில்லை. ரிம்மில் கீறல் இல்லை. யாரும் கைகொடுக்கவும் இல்லை. மொத்தம் 52 நிமிடம். பஞ்சர் கடைப் பையன் இதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான், தெரியும். ஆனால் முதல் நான்கு தடவையும் நான் முடிக்கவே இல்லை. அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

வண்டி ஹிமாலயன் 411. முன்னால் 21 அங்குலம், பின்னால் 17, இரண்டும் ஸ்போக்ஸ், இரண்டும் ட்யூப். அடுத்த வருடம் இதைக் கப்பலில் கென்யாவின் மொம்பாசாவுக்கு அனுப்பி, அங்கிருந்து தான்சானியா வழியாக வடக்கு ஜாம்பியாவுக்குத் தனியாக ஓட்டிப் போகப்போகிறேன். அதற்குத்தான் இந்த டயர் பயிற்சி.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் எல்லார் வீட்டுச் சுவரிலும் பர்மா, மலேயா, சிலோன் கதைதான் தொங்கும். எங்கள் வீட்டில் ஐயா படத்துக்குப் பக்கத்தில் ஜாம்பியா வரைபடமாக வெட்டிய செப்புத் தகடு ஒன்று தொங்குகிறது. அப்பச்சி, அதாவது அப்பா, கொடுக்கல் வாங்கலுக்குக் கடல் தாண்டவில்லை. 1977-ல் கணக்கு வாத்தியாராக ஜாம்பியாவில் ம்பிக்கா என்ற ஊருக்குப் போனார். தார் எஸ் சலாமிலிருந்து 1860 கிலோமீட்டர் போகும் டசாரா ரயில் பாதையில் இருக்கிற ஊர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய ஹோண்டாவில் போய்வந்தாராம். அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. பெட்டியைக் குடைந்தபோது அவருடைய செலவு நோட்டு கிடைத்தது. க்வாச்சா, ங்வே என்று ஒரு காசு பிசகாமல் எழுதியிருக்கிறார். அதில் ஒரு பக்கத்து மூலையில் ‘கலம்போ அருவி, அடுத்த லீவுக்கு’ என்று ஒரு வரி. நோட்டு முழுக்கத் தேடினேன். அருவிக்குப் போன செலவு எங்கேயும் இல்லை. செலவு எழுதவில்லை என்றால் அவர் போகவில்லை என்றுதான் அர்த்தம். சரி, நான் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியதுதான் இது.

டயருக்கு வருவோம்.

பீடிங்கை, அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பை, பெயர்ப்பது முதல் தொல்லை. இணையத்தில் எல்லாரும் காட்டும் வழி, சக்கரத்தைக் கீழே போட்டு, அதன்மேல் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை வைத்து, அந்த வண்டியைச் சாய்ப்பது. இன்னொரு வண்டிக்கு நான் எங்கே போவேன்? தனியாகப் போகிறவனின் ஒரே வண்டி சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் இல்லாமல் நிற்கும். உலக்கையை வைத்து நெம்பிப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மொம்பாசாவுக்கு உலக்கை கொண்டுபோனால் கஸ்டம்ஸில் என்ன சொல்வது? கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில், தச்சர்கள் பலகை இறுக்கும் ஆறங்குல சி கிளாம்ப் அகப்பட்டது. கடைக்காரர் அதற்குப் பர்மா தேக்குத் தூண் விலை சொன்னார். அது நம்மூர் ஆசாரி வைத்திருந்த சாமான்தான், துரு ஏறியதால் பழம்பொருள் ஆகிவிட்டது என்று வாதாடிப் பாதி விலைக்கு வாங்கினேன். டயரையும் ரிம்மையும் சேர்த்துப் பிடித்து நான்கு இடத்தில் இறுக்கினால் பீடிங் ‘பொத்’தென்று இறங்கிவிடுகிறது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தாங்கலாம்.

உண்மையான எதிரி, திரும்ப மாட்டும்போது வரும் கடைசி ஒரு சாண். முக்கால் வட்டம் கையாலேயே உள்ளே போய்விடும். அப்புறம் டயர் கல்லாகிவிடும். லீவரை ஆழமாக விட்டு நெம்பினால் ஏறும். ஏறும்போதே ட்யூபைக் கடிக்கும். காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் பாம்பு கொத்தியதுபோல ஜோடியாக இரண்டு ஓட்டை. நான்கு தடவையும் இதே கதை. ஒரே ட்யூபில் ஐந்து பேட்ச். லீவர் நீளம் போதவில்லை என்று நினைத்து நீளமான லீவர் வாங்கினேன். நீளமாக இருந்தால் இன்னும் நன்றாகக் கடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செக்காலைப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் ட்யூபைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓட்டையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“வால்வ எங்க வச்சு முடிச்சீக?”

“வால்வுலதாண்ணே ஆரம்பிச்சேன். எதுத்தாப்புல முடிச்சேன்.”

“அப்பக் கடிக்காம கொஞ்சுமா?”

விஷயம் இதுதான். ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கிறதே, எதிர்ப்பக்கத்துப் பீடிங் அதற்குள் இறங்கினால்தான் இந்தப் பக்கம் அரை அங்குலம் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கிற இடத்தில் ட்யூபின் அடித்தடிப்பு பள்ளத்தை அடைத்துக்கொள்ளும், பீடிங் இறங்காது. ஆகவே வால்வுக்கு எதிரே ஆரம்பித்து, அங்கே முழங்காலை ஊன்றிப் பீடிங்கைப் பள்ளத்திலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சமமாக வந்து, வால்வில் முடிக்க வேண்டும். முடிக்கும் முன் வால்வை உள்பக்கம் ஒருமுறை அமுக்கிவிட்டால் ட்யூப் லீவருக்கு அகப்படாமல் மேலே ஒதுங்கும். ஒரு நெம்புக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் பேராசைப்படக் கூடாது. ட்யூபில் உருண்டை பிடிக்கிற அளவுக்கு மட்டும் காற்று, கொஞ்சம் முகப் பவுடர், பீடிங்குக்குச் சோப்புத் தண்ணீர். கையில் பலம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். லீவரை வளைக்கிற அளவுக்கு அழுத்துகிறாய் என்றால் முழங்கால் சரியான இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று அப்படியே செய்தேன். கடைசி இரண்டு அங்குலம் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. நம்பாமல் லீவரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 12 வோல்ட் பம்பைப் போட்டேன். நாற்பதைத் தொடும்போது ‘டப்’, ‘டப்’ என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. டயர் ஓரத்துக் கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிந்தது. வால்வு நட்டை ரிம்மோடு முடுக்கவில்லை, தொப்பிப் பக்கம் ஏற்றி வைத்தேன். டயர் நகர்ந்தால் வால்வு பிய்ந்து போகாமல் இருக்க.

இவ்வளவும் முகப்பில், ஆத்தங்குடித் தரையில் நாலு சாக்கு விரித்து நடந்தது. கண்ணாடி மேல் வார்த்த கல். சோப்புத் தண்ணீர் பட்டால் காலை வாரிவிடும். ஆத்தா இரண்டு முறை வந்து பார்த்தார்.

“சக்கரத்த உருட்டுறதுக்கு முகப்புதான் கெடச்சுதா?”

“வெளிய மழ ஆத்தா.”

“அப்பச்சி அந்த ஊர்ல பஞ்சரானா எறங்கித் தள்ளிக்கிட்டேதான் வருவாகளாம். நீ என்னமோ கடையே வச்சிட்ட.”

நோட்டைப் பார்த்தேன். ஆத்தா சொல்வது சரி. ‘பஞ்சர், கூலி’ என்று ஒரே மாதத்தில் நான்கு வரி. வாத்தியார் ஸ்பானரைத் தொட்டதாகவே தெரியவில்லை.

ட்யூப் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ட்யூப் கேட்டுக் கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் ஆர்டர் போட்டேன். 17-க்குப் பதில் 18 வந்தது. மாற்றிக் கேட்டால், “இழுத்து விட்டா சேந்துக்கும் சார்” என்கிறார்கள். சேராது, உள்ளே மடிப்பு விழும். அவசரத்துக்கு 21 அங்குல முன் ட்யூபைப் பின்னால் திணித்து அடுத்த ஊர் வரை போகலாம் என்பது வேறு விஷயம். அதனால்தான் முன் ட்யூப் இரண்டு, பின் ட்யூப் ஒன்று என்று எடுத்துவைக்கிறேன்.

பயிற்சிக்குக் குறைவில்லை. வற்றிய கண்மாய்க்குள் வண்டியை விட்டால் சீமைக் கருவேல முள் வாரத்துக்கு ஒன்று நிச்சயம். இதே மரம் கென்யாவில் பரிங்கோ பக்கமும் பரவிக் கிடக்கிறதாம். நம்ம ஊர் முள் அங்கேயும் வரவேற்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டாயிற்று, ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். வண்டியை வெளிநாட்டுக்குத் தற்காலிகமாகக் கொண்டுபோவதற்கான கார்னே காகிதம் இன்னும் பாக்கி. டெபாசிட் தொகையைக் கேட்டபோது சி கிளாம்ப் கடைக்காரர் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. வழியில் எல்லா நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது ஒரு நிம்மதி. தான்சானியாவில் மிகுமி தேசியப் பூங்காவை நெடுஞ்சாலையே குறுக்காகக் கடக்கிறது, யானை வந்தால் நிற்க வேண்டியதுதான். ஜாம்பியாவுக்குள் நுழையும் துண்டுமா எல்லையில் லாரி வரிசை, அப்புறம் ம்பாலா, அங்கிருந்து அருவிக்கு மண்பாதை. 200 மீட்டருக்கு மேல் ஒரே பாய்ச்சலாக விழுகிற தண்ணீர். அதற்கு மேல்பக்கம் ஆற்றங்கரையில் ஒன்றைக் குடைந்து இன்னொன்றில் பொருத்திய இரண்டு மரக்கட்டைகளைத் தோண்டி எடுத்து, குறைந்தது 4,76,000 வருடப் பழசு என்று 2023-ல் அறிவித்தார்கள். ஆணி இல்லாமல் பொருத்திய நிலைக்கதவைத் தினம் திறந்து மூடுகிற எனக்கு, அருவியைவிட அந்த ஆசாரி வேலை நடந்த இடத்தைப் பார்க்கத்தான் ஆசை.

முன் சக்கரத்தை இன்னும் தொடவே இல்லை. 21 அங்குலம் சுலபம் என்கிறார்கள். பார்ப்போம்.

இன்று காலை கேஜ் வைத்தால் 29 காட்டுகிறது. நேற்று 32 விட்டிருந்தேன். வயிற்றைக் கலக்கிவிட்டது. வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தேன். சின்னதாக ஒரு குமிழ் வந்தது. ட்யூப் இல்லை, வால்வு ஊசிதான். கால் சுற்று முடுக்கியிருக்கிறேன். மத்தியானம் மறுபடி கேஜ் வைக்க வேண்டும்.