கீழ்க்கட்டளை ஏரியிலிருந்து ஒக்கியம் மடுவு வரை: ஒரு களப்பயண நாட்குறிப்பு

ஜனவரி 6, செவ்வாய்

எட்டாம் வகுப்புக் களப்பயணம் எங்கே என்று இன்று எச்.எம். அறையில் பேச்சு. ஒருவர் வேடந்தாங்கல் என்றார், இன்னொருவர் வண்டலூர் என்றார். நான் பள்ளிக்கரணை என்றேன். "அது பக்கத்துலயே இருக்கே டீச்சர், பசங்க தினமும் பார்க்கிறதுதானே?" என்றார் எச்.எம்.

தினமும் கடக்கிறார்கள், பார்ப்பதில்லை. சென்னை மடிப்பாக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கரணை என்றால் ரேடியல் ரோட்டில் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடம். 1960-களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் சதுப்பு நிலம் இது. மிஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தங்கள் தெருவில் பெய்யும் மழை போய்ச் சேருகிற இடத்தைப் பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும், வேடந்தாங்கல் அப்புறம் என்றேன். சரி என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

மூன்று பிரிவையும் சேர்த்து ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம் என்றேன். நூறு பிள்ளைகள் கரையில் இறங்கினால் பறவை இருக்காது, சத்தம்தான் இருக்கும். ஒரு வேன், இருபத்து நான்கு பேர், நான்கு பேருக்கு ஒரு பைனாகுலர். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த சனிக்கிழமைகள்.

வனத்துறைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் இரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். போகும் வழியில் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து வைத்தேன். வெளியே போகிற நாளில் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கழிப்பறை இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டால் பாட்டில் காலியாகும்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கல் விடுமுறைக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் வடிந்தது? பெரியவர்களைக் கேட்டு எழுதி வரவேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

நான் எதிர்பார்த்ததைவிடப் பிரமாதமாக எழுதி வந்திருக்கிறார்கள். மிக்ஜாமின்போது ஒரு பையனுக்குப் பத்து வயது. அம்மாவும் அப்பாவும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்ததையும், மூன்றாவது படியில் தண்ணீர் நின்றதையும் படமே வரைந்திருந்தான். ஒரு பெண்ணின் தாத்தா, ஏரி நிரம்பினால் உபரி நீர் எந்தக் கலங்கல் வழியாக எந்த வாய்க்காலில் இறங்கும் என்பதைத் தெருப் பெயரோடு சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள்.

பெரிய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து, தண்ணீர் வடிந்த திசையில் அவரவர் தெருவிலிருந்து நீல நூல் ஒட்டச் சொன்னேன். சிலது ஏரிக்குப் போனது, சிலது மழைநீர் வடிகாலுக்கு. அங்கிருந்து மேலும் இழுத்துக்கொண்டே போனால் எல்லாம் பள்ளிக்கரணையில் போய்ச் சேர்ந்தன. கடைசி நூலை ஒட்டும்போது வகுப்பில் ஒரே கூச்சல். நான் எதையும் விளக்கவேண்டிய தேவையே வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

மொட்டை மாடியில் பைனாகுலர் பயிற்சி. பறவை ஆர்வலர்களான நண்பர்கள் இரவல் கொடுத்தார்கள். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடி, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. இது கைவந்துவிட்டால் போதும். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காகத்தை வைத்தே பழகினார்கள். காகத்தின் கழுத்துச் சாம்பல் நிறத்தை இவ்வளவு கிட்டத்தில் இதுவரை பார்த்ததில்லையாம்.

ஜனவரி 31, சனி

காலை ஆறு மணிக்கு வேன் கிளம்பியது. தண்ணீர் போகிற வழியிலேயே நாங்களும் போனோம். கீழ்க்கட்டளை ஏரி, அதன் உபரி நீர் வந்து சேரும் நாராயணபுரம் ஏரி, அப்புறம் சதுப்பு நிலம்.

ரேடியல் ரோடு சதுப்பு நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போவதால் பறவைகள் சாலையோரத்திலேயே நிற்கின்றன. ஆனாலும் சாலையோரத்தில் பிள்ளைகளை இறக்க எனக்குத் துணிவில்லை, லாரிகள் பறக்கின்றன. வனத்துறையின் சூழல் பூங்கா நடைபாதைக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் ஒரே கட்டளை. முதல் பத்து நிமிடம் நெளிந்தார்கள். பிறகு கண் பழகிவிட்டது.

நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டை ஒரு காலால் பிடுங்கி, விரல்களால் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் குருத்தை மட்டும் கடித்துத் தின்றது. "மிஸ், கரும்பு தின்கிற மாதிரியே தின்னுது!" என்று கிசுகிசுத்தாள் ஒரு பெண். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளியோடு இருப்பதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். இலைக்கோழிக்குப் படத்தில் இருக்கிற நீண்ட வால் எங்கே என்று ஒருவன் கேட்டான். அது இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வளர்வது, அப்போது அடைகாப்பதும் ஆண் பறவைதான் என்றேன். பையன்களுக்கு அது பெரிய செய்தி. ஆசியாவின் வடகோடியிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் தள்ளி நின்றன. அவற்றையும் எண்ணி எழுதிக்கொண்டார்கள்.

பெருங்குடி குப்பைமேட்டைக் காட்ட வேண்டாம், பிள்ளைகள் மனம் கெட்டுப்போகும் என்று உடன் வந்த ஆசிரியை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் போட்ட குப்பைதானே அது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் வேலை நடப்பதையும் சேர்த்தே சொன்னேன். மேட்டுக்கு மேல் பருந்துகள் வட்டமிடுவதைப் பார்த்து, "அங்க என்ன மிஸ் சாப்பாடு கிடைக்கும்?" என்று கேட்ட பெண்ணுக்கு விடையை அவள் தோழியே சொன்னாள்.

கடைசியாக ஒக்கியம் மடுவு. இத்தனை ஏரிகளின் உபரி நீரையும் வாங்கும் சதுப்பு நிலத்துக்கு முக்கிய வடிகால் இதுதான். இங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு தெற்கே கோவளம் முகத்துவாரம், கடல். மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. ஃப்ரிட்ஜ் படம் வரைந்த பையன் பாலத்தில் நின்று மடுவின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் எங்கள் தெருத் தண்ணீர் எப்படி மிஸ் போகும் என்று கேட்டான். ஒரு பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வி. வேனில் ஏறும்வரை அதைத்தான் பேசினோம்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று உலக சதுப்பு நில நாள். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளே பேசினார்கள், நீல நூல் வரைபடத்தை மேடையில் வைத்து. பறவைக் கணக்கை, பறவை ஆர்வலர்கள் பதிவிடும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிட்டோம்.

இரண்டாவது பிரிவுக்கு வேன் சொல்லியாயிற்று. முதல் குழுவிலிருந்து நான்கு பேர் வழிகாட்டிகளாக வருகிறார்கள். நவம்பர் மழையில் இதே வழியில் இன்னொரு முறை போக எச்.எம்.மிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். அந்தத் தாத்தாவையும் வகுப்புக்கு அழைத்திருக்கிறோம், வியாழக்கிழமை வருகிறார்.