சாமி கண்ணைக் குத்துமா? தொடக்கப் பள்ளியில் நன்மை தீமை நடத்துவது பற்றி

‘பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்.’ சேலத்துப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே குழந்தைக்குக் கிடைத்துவிடும் நீதிபோதனை இதுதான். மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தக் குழந்தை எத்தனையோ பொய் சொல்லியிருக்கும். கண்ணும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் நன்மை தீமை என்று நாம் ஆரம்பிக்கும்போதே அதன் மனசுக்குள் ஒரு சந்தேகம் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்வது நல்லது.

இது மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான திட்டம். நாற்பது நிமிடப் பாடவேளை ஐந்து போதும்.

முதலில் ஒரு வாக்கியத்தைக் கைவிட வேண்டும்: ‘எல்லா மதமும் நல்லதைத்தான் சொல்லுது, பிள்ளைங்களா.’ நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனால் அதைச் சொன்னதும் வகுப்பு படுத்துவிடும். திருடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகிற சேதி அது. தப்பு எங்கிருந்து வருகிறது? யாரும் பார்க்காதபோது செய்தால் என்ன? செய்துவிட்டால் அப்புறம் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றையும் கேட்டால்தான் ஒவ்வொரு வீடும் வேறு வேறு பதில் சொல்லும். அந்த வேற்றுமைதான் பாடம். மூன்று கேள்விகளையும் பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதி ஐந்து நாளும் சுவரில் விட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் இதை நடத்தலாமா என்று பலருக்குத் தயக்கம். அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது. அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளி என்றால், பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தையை மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது. மதபோதனை வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் பிரித்துக் காட்டியது. வகுப்பறையில் இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை நம் வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆண்டவர் நம்மை மன்னிக்கிறார்’ என்றால் போதனை. ‘ஆண்டவர் மன்னிக்கிறார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்’ என்றால் பாடம். இதில் எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அடுத்தவர் மதத்துக்கு மட்டும் ‘நம்புகிறார்கள்’ போட்டுவிட்டு, தன் வீட்டுக் கதை வரும்போது ‘முருகன் சூரனை அழித்தார்’ என்று நேராகச் சொல்லிவிடுவோம். பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள். போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும்.

ஒரு வாரம் முன்னதாகப் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். சொல்லப்போகும் கதைகளின் பெயர்கள், மூன்று கேள்விகள், பிரார்த்தனை கிடையாது, சாமி படமோ நபிமார் படமோ வரையச் சொல்ல மாட்டோம் என்ற உறுதி. இவ்வளவு இருந்தால் போதும்.

முதல் பாடவேளையில் மதமே வராது. ஐந்து மீட்டர் கயிறு, பன்னிரண்டு துண்டுச் சீட்டு. கயிற்றின் ஒரு முனை ‘சரி’, மறுமுனை ‘தப்பு’. சீட்டில் ஆட்களை எழுதாமல் செயலை எழுதுங்கள். எதிர் வீட்டு மரத்து மாங்காயைக் கல்லால் அடித்தது. அதே மரத்தடியில் விழுந்துகிடந்ததை எடுத்துத் தின்றது. தம்பி அழுகையை நிறுத்த ஒரு பொய் சொன்னது. எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றியது. ஒருத்தியை மட்டும் விளையாட்டில் சேர்க்காமல் விட்டது. ஏற்காடு மலைப்பாதையில் குரங்குக்குச் சிப்ஸ் போட்டது. இந்தக் கடைசிச் சீட்டு நன்றாக வேலை செய்யும். போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டார். ஆனால் குரங்கு காட்டுத் தீனியை விட்டுவிட்டு, ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. சீட்டைக் கயிற்றின் எந்த இடத்திலும் வைக்கலாம், காரணம் மட்டும் சொல்ல வேண்டும், இன்னொருவர் காரணத்தோடு நகர்த்தலாம். டீச்சர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு: முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை எங்கே வைக்கிறதோ அங்கேயே மொத்த வகுப்பும் வைக்கும். கயிற்றுக்கு வருமுன் எல்லோரும் தத்தம் நோட்டில் ஒரு கோடு இழுத்துப் புள்ளி வைத்துவிட வேண்டும் என்றால் இது பெருமளவு குறையும்.

வயசு இங்கே முக்கியம். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பையன் தெரியாமல் கதவைத் திறந்து பதினைந்து கோப்பைகளை உடைக்கிறான். இன்னொருவன் ஜாம் திருடப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். சின்னப் பிள்ளைகள் பதினைந்து உடைத்தவனைத்தான் பெரிய குற்றவாளி என்றார்கள். கோப்பைக்குப் பதில் டீ கிளாஸ் என்று மாற்றிக் கேட்டாலும் ஒன்று, இரண்டாம் வகுப்பில் இதே பதில்தான் பெரும்பாலும் வரும். ஆனால் சேதத்தைச் சமமாக வைத்து, இருவரும் ஒரே ஒரு கிளாஸ் உடைத்தார்கள் என்று கேட்டால், சின்னவர்களும் எண்ணத்தைப் பார்க்கிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே கீழ் வகுப்புக்குக் கதை சொல்லும்போது ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாம் நாள், தப்பு எங்கிருந்து வருகிறது. இதற்கு ஆதாம் கதையைப் போலத் தோதான கதை வேறில்லை. ஒரே கதை இரண்டு வீட்டில் இரண்டு விதமாக முடிகிறது. பைபிளில் பாம்பு ஆசை காட்டுகிறது, விலக்கிய கனியை ஆதாமும் ஏவாளும் தின்கிறார்கள், தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படுகிறார்கள். அந்தப் பாவத்தின் பிடி மனித குலம் முழுவதன் மீதும் விழுந்தது என்பது பெரும்பாலான கிறிஸ்தவ மரபுகளின் நம்பிக்கை. குர்ஆனிலும் இருவரும் தவறுகிறார்கள், ஆனால் மன்னிப்புக் கேட்கிறார்கள், இறைவன் ஏற்றுக்கொள்கிறான். அந்தப் பாவம் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை என்று முஸ்லிம்கள் நம்புகிறார்கள். குர்ஆனில் அதற்கு முன்பே இப்லீஸ் (சைத்தான்) வருகிறான். ‘நான் நெருப்பால் ஆனவன், இவன் களிமண்’ என்று சொல்லி ஆதாமுக்குப் பணிய மறுக்கிறான். பக்கத்திலேயே இரணியன் கதையை வையுங்கள். இப்லீஸுக்கும் இரணியனுக்கும் ஒரே வியாதி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் முந்திக்கொள்ளாமல் இருந்தால். இரணியனின் மகன் பிரகலாதன், பிரகலாதனின் பேரன் மகாபலி என்று வம்சத்தைப் பலகையில் எழுதிவிட்டால், அசுரன் என்றாலே கெட்டவன் என்ற எண்ணமும் அங்கேயே ஆட்டம் காணும்.

புத்த மரபில் வெளியிலிருந்து வந்து கெடுக்கிறவனைவிட உள்ளே இருப்பதுதான் பெரிசு. வாழ்க்கைச் சக்கர ஓவியத்தின் நடுவில் சேவல், பாம்பு, பன்றி மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விச் சுற்றும்: ஆசை, வெறுப்பு, அறியாமை. ஐந்தாம் வகுப்பு இதை ஆசையாக வரையும். புத்தம் எங்கோ வடக்கில் உள்ளது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, ஆத்தூருக்கு அப்பால் தியாகனூரில் இருக்கும் கல் புத்தர்களைச் சொல்லுங்கள், நம் மாவட்டம்தான். சமணத்தில் வினை என்பதே நுண்ணிய துகள். எண்ணெய் தடவிய உடம்பில் புழுதி ஒட்டுவதுபோல உயிரில் ஒட்டுகிறது என்று அவர்களே உவமை சொல்வார்கள். கையில் தேங்காயெண்ணெய் தடவி மைதானத்து மண்ணைத் தொடச் சொன்னால் அரை நிமிட வேலை.

கடவுள் இல்லை என்கிற வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும். 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்தச் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். பகுத்தறிவு பேசும் குடும்பங்கள் இங்கே இன்றைக்கு நேற்று வந்தவை அல்ல. மனுஷன் செய்த கெடுதலுக்கு மனுஷனே பொறுப்பு, மாற்றவும் அவனால் முடியும் என்பது ஒரு முழுப் பதில். அதை ‘எதையும் நம்பாதவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் எழுதி அசிங்கப்படுத்த வேண்டாம்.

மலைப் பள்ளிகளில் இன்னொரு காரியம். ஏற்காட்டுச் சேர்வராயன் குகைக் கோயிலில் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிடுகிற மலையாளிப் பழங்குடிப் (கேரள மலையாளிகள் அல்ல, இந்த மலைவாசிகள்) பிள்ளைகளைக் கேட்காமலே ‘இந்து’ என்ற கட்டத்தில் எழுதிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். கேள்வியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்: ஊரில் ஒருத்தர் தப்பு செய்தால் யார் கூடிப் பேசுவீர்கள், என்ன செய்யச் சொல்வீர்கள்? பாடப்புத்தகம் தராத பத்தி அது.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ‘கெட்டவன் ஒருத்தனை வரை’ என்றால் பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் கறுப்பு க்ரேயானைத்தான் எடுப்பார்கள். பெரிய மீசை, சிவந்த கண், கையில் அரிவாள். இப்போது முனியப்பனைக் கேளுங்கள். சேலம் சுற்றுவட்டாரத்தில் ரோட்டோரம் உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் அரிவாளுமாக உட்கார்ந்திருக்கிற முனியப்பனைப் பார்க்காத பிள்ளை இருக்காது. அவர் ஊரைக் காக்கிறவர் என்று அவரைக் கும்பிடுகிறவர்கள் சொல்வார்கள். முகம் பயமாக இருக்கிறது, வேலை காவல் என்றால் வரைந்த படத்தில் எது மாற வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம். வகுப்பில் கறுப்பாக இருக்கிற பிள்ளைக்கு இதில் கிடைக்கும் ஆறுதல் தனி.

மூன்றாம் நாள் யார் பார்க்கிறார்கள் என்பது. சித்திரகுப்தன் கணக்கைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். இஸ்லாத்தில் இரு வானவர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நல்லது செய்ய நினைத்து முடியாமல் போனாலும் ஒரு நன்மை. செய்துவிட்டால் பத்திலிருந்து எழுநூறு மடங்கு வரை. கெட்டது செய்ய நினைத்து இறைவனுக்காக விட்டுவிட்டால் அதற்கும் ஒரு நன்மை. செய்துவிட்டால் ஒரே ஒரு தீமை. நபிமொழி சொல்வது இது. பலகையில் எண்களோடு எழுதி ‘இந்தக் கணக்கு யார் பக்கம் சாய்கிறது?’ என்று கேளுங்கள். சமணத்திலும் புத்தத்திலும் கணக்கு எழுத ஆள் கிடையாது, வினை தானே பழுக்கிறது. பகுத்தறிவுப் பார்வையில், கடையில் கூடுதலாக வந்த சில்லறையைப் பேசாமல் வைத்துக்கொண்டால், யாரும் பார்க்காவிட்டாலும் கடைக்காரருக்கு ராத்திரி கணக்கு உதைக்கும். ‘தீயவை தீய பயத்தலால்’ குறளை இங்கே ஒரு தடவை சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு விவாதத்தையும் குறள் சொல்லி மூடிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. குறள் வந்ததும் பிள்ளைகள் மனப்பாட முகத்துக்குப் போய்விடுவார்கள், பேச்சு நின்றுவிடும்.

நான்காம் நாள், தப்பு செய்துவிட்டால் அப்புறம் என்ன. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்கு அப்பா விருந்து வைக்கிறார். அண்ணன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். முக்கால்வாசி வகுப்பு அண்ணன் பக்கம்தான் நிற்கும். ‘அப்படியில்லை, மன்னிக்கணும்’ என்று அவசரப்படாதீர்கள். அண்ணனின் கோபம் நியாயமாகத் தெரிந்தால்தான் அந்த மன்னிப்பு எவ்வளவு பெரிது என்பது பிடிபடும். பிறகு மற்றவை: இஸ்லாத்தில் தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து திரும்புவதற்கு) தப்பை நிறுத்த வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும், அடுத்தவர் உரிமை என்றால் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். சமணர் ஆண்டுக்கொரு நாள் ‘மிச்சாமி துக்கடம்’ என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். கொன்றவர்களின் விரல்களை மாலையாகப் போட்டிருந்த கொள்ளையன் அங்குலிமாலன், புத்தரிடம் துறவியான பிறகும் ஊரார் அவன் மேல் கல்லெறிந்தார்கள், புத்தர் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். இதை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் சொல்லுங்கள், விரல் மாலையைக் குறைத்து.

ஐந்தாம் நாள் ஒரே வழக்கு. தட்டுவடை செட் 20 ரூபாய், ஒரு பெண் 50 ரூபாய் கொடுத்தாள், கடைக்காரர் மறதியாக 80 ரூபாய் திருப்பிக் கொடுத்தார், அவள் பேசாமல் வாங்கிச் செலவழித்துவிட்டாள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு பார்வைகள். மூன்று கேள்விகளுக்கும் இரண்டும் என்ன சொல்லும், எங்கே பிரியும் என்று எழுத வேண்டும். மதிப்பீடு இதற்குத்தான். பிள்ளை நல்ல பிள்ளையா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். கடைக்காரராகவும் அந்தப் பெண்ணாகவும் நடிக்கட்டும். ஆடியில் சேலம் குகைப் பகுதியில் சாமி வேஷம் போட்டவர்கள் வண்டியில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ‘நான் சாமி வேஷம் போடட்டுமா’ என்று கட்டாயம் கேட்பார்கள். இந்தப் பாடத்தில் வேண்டாம். நபிமார்களை நடித்துக் காட்டுவது முஸ்லிம் வீடுகளில் ஏற்கப்படாது, ஒருவருக்கு உண்டு ஒருவருக்கு இல்லை என்றால் அதுவே சண்டை.

‘நீ சொல்லுப்பா, உங்க மதத்துல எப்படி?’ என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பாதீர்கள். எட்டு வயசுப் பையன் ஒரு மதத்துக்கே வக்கீலாக முடியாது. தானாகக் கை தூக்கினால் சொல்லட்டும். ‘டீச்சர், இதுல எது உண்மை?’ என்ற கேள்வி கண்டிப்பாக வரும். ‘வீட்டில் அம்மா அப்பாவிடம் கேள், நாளைக்கு அவர்கள் சொன்ன காரணத்தோடு வா’ என்பது தப்பிப்பதல்ல, பாடத்தின் ஒரு பகுதிதான். நரகம், எண்ணெய்க் கொப்பரை என்று பேச்சுப் போனால் இரண்டு வரியில் முடித்து அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

தப்பைப் பற்றி ஐந்து நாள் பேசினால், தனக்கு நடந்த தப்பை ஒரு குழந்தை சொல்லிவிடவும் கூடும். பெரும்பாலும் மணி அடித்த பிறகு, மேசையைச் சுரண்டிக்கொண்டே சொல்லும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், துருவிக் கேட்காதீர்கள். சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதிவையுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்ணை முதல் நாளே சார்ட்டின் ஓரத்தில் எழுதிவைப்பது நல்லது.

ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்காரும் மலைப் பள்ளி என்றால் முதல் நாள் கயிறும் முனியப்பன் கேள்வியும் எல்லோருக்கும் பொது. மற்ற நாட்களில் கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, மூன்றாம் வகுப்பைக் கதையின் ஒரு காட்சியை வரையவும் (ஆட்கள் இல்லாமல், இடத்தையும் பொருளையும் மட்டும்), ஐந்தாம் வகுப்பை ஒப்பிட்டு எழுதவும் விடலாம். நான்காம் வகுப்பு அன்றைக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் உட்காரட்டும்.