லோட்டே ரைனிகர் வழியில் ஒரு நிழலுருவப் படம்: அட்டை, மூட்டு, நடை

கறுப்பு அட்டையில் வெட்டிய நிழலுருவப் பொம்மைகளை வைத்து அனிமேஷன் படம் எடுத்த ஜெர்மானியர் லோட்டே ரைனிகரை (1899–1981) பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கத்தரியைத்தான் பாராட்டுவார்கள். சரிகை போல வெட்டிய இலைகள், இறகுகள், சாளரங்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் முறையில் ஒரு பொம்மையைச் செய்து பத்து நொடி நடக்கவைத்துப் பார்த்தால் வேறொன்று பிடிபடும். கறுப்பு அட்டைக்கு முகபாவம் கிடையாது. கண் இல்லை, உதடு அசையாது. கோபமோ வெட்கமோ தோள், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றின் கோணத்தில்தான் வரவேண்டும். ஆகவே அவருடைய கலையின் பாதி மூட்டில் இருக்கிறது. இந்தக் குறிப்பும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

பெர்லினில் பிறந்தவர். 1923 முதல் 1926 வரை, போட்ஸ்டாமில் வங்கியாளர் லூயி ஹாகன் வீட்டு கராஜின் மேல்மாடியில் ‘இளவரசன் அக்மத்தின் சாகசங்கள்’ படத்தை எடுத்தார். பணம் ஹாகனுடையது, கேமரா கணவர் கார்ல் கோக்கினுடையது. இன்று கையில் இருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். அர்ஜென்டினாவில் 1917-லேயே ஒன்று வந்துவிட்டது. அதன் பிரதி மிஞ்சவில்லை.

அவருடைய மேசையின் அமைப்பு எளிது. கண்ணாடிப் பலகை, கீழே விளக்கு, மேலே நேர்க்குத்தாகக் கீழ்நோக்கும் கேமரா. வீட்டில் செய்ய, கூரையில் பொருத்தும் 18 வாட் சதுர எல்இடி பேனல் ஒன்றை மல்லாக்கப் போட்டு, அதிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் 5 மி.மீ. கண்ணாடியை மரச்சட்டத்தில் நிறுத்தினால் போதும். கண்ணாடிமேல் ஒரு டிரேசிங் தாள். இடைவெளி குறைந்தால் நடுவில் வெளிச்சத் திட்டு விழும். எல்இடி பட்டையை வளைத்து ஒட்டுவதைவிட பேனல் மேல். பட்டையின் ஒவ்வொரு புள்ளியும் தாளில் தெரியும்.

பொம்மைக்கு 250 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டை. சாதாரண சார்ட் தாள் மெலிது, நுனிகள் சுருண்டு வெளிச்சம் கசியும். உயரம் 20 செ.மீ. இருந்தால் ஏ3 அளவுச் சட்டத்தில் நடக்க இடமிருக்கும். தலை, கழுத்து, மார்பு, இடுப்பு, மேல்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை, பாதம் என்று பிரித்தால் 16 துண்டுகள் வரும். ரைனிகரின் சிக்கலான உருவங்களில் 25 முதல் 50 வரை துண்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். மார்பையும் இடுப்பையும் ஒரே துண்டாக வெட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். வெட்டக் கூடாது. இடுப்பு தனியாக அசையாத பொம்மை நடக்காது, நகரும்.

வெட்டும்போது கத்தரி பிடித்த கை அப்படியே நிற்க, மற்றக் கை தாளைத் திருப்ப வேண்டும். ரைனிகர் வேலை செய்வதைப் படம்பிடித்த காட்சிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வளைவுகள் உடையாமல் வருவது இதனால்தான்.

இனி மூட்டு. முழங்கையில் மேல்கையும் முன்கையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டின் நுனியும் ஒரே ஆரமுள்ள அரைவட்டமாக இருக்கவேண்டும். கையின் அகலம் 12 மி.மீ. என்றால் ஆரம் 6 மி.மீ.; துளை அந்த வட்டத்தின் நடுவில். துளை ஒன்றரை மி.மீ. விலகினாலே கை மடங்கும்போது முழங்கையில் ஒரு புடைப்பு தெரியும், நீட்டும்போது ஒரு பள்ளம். நிழலுருவில் வெளிவிளிம்பைத் தவிரப் பார்க்க எதுவும் இல்லை என்பதால் கண் நேரே அங்கேதான் போகும். துளைக்குக் காம்பஸ் முள் போதும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே குத்தில் துளைப்பது நல்லது. உள்ளே மெல்லிய செம்புக் கம்பியை (28 கேஜ்) விட்டு, இருபுறமும் ஒன்றரைச் சுற்று சுருட்டித் தட்டையாக அழுத்தவேண்டும். இறுக்கம் சரியா என்று பார்க்க, பொம்மையைத் தோளில் பிடித்துத் தூக்குங்கள். முன்கை மெல்ல இறங்கினால் சரி. பொத்தென்று விழுந்தால் லூஸ். அசையாமல் நின்றால், மணிக்கட்டைத் தொடும்போது தோளும் கூடவே வரும்.

அடுத்தது கனம். ரைனிகர் அட்டையோடு மெல்லிய ஈயத் தகட்டையும் பயன்படுத்தினார். ஈயம் நச்சு, வீட்டில் வேண்டாம். மார்பிலும் இடுப்பிலும் ஒவ்வொரு ஒரு ரூபாய் நாணயத்தை மேல்பக்கம் ஒட்டி, மார்க்கரால் கறுப்பாக்கினால் போதும். பாதத்துக்குச் சிறிய வாஷர். கனம் இல்லாத பொம்மை மூச்சுக்காற்றுக்கே நகரும், மின்விசிறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படமெடுக்க போன் போதும். ஸ்டாப் மோஷன் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக எடுக்கும் முறை) செயலியில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/50 அல்லது அதைவிட மெதுவாக இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விலை குறைந்த எல்இடி நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/1000-இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். அறை இருட்டாக இருக்கவேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்தால் அட்டையும் நாணயமும் சாம்பலாகத் தெரியும்.

நொடிக்கு 12 ஃப்ரேம் (தனிப் படம்) வைத்துக்கொண்டால் நடையின் ஓர் அடிக்கு 6 ஃப்ரேம், அதாவது அரை நொடி. 20 செ.மீ. பொம்மைக்கு அடி 7 செ.மீ. என்றால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் உடல் ஏறக்குறைய 12 மி.மீ. முன்னே போகும். வரிசை முக்கியம். ஊன்றிய பாதத்தைக் கண்ணாடியில் இருபக்க ஒட்டுநாடாத் துணுக்கால் நிறுத்தி, முதலில் இடுப்பை நகர்த்தி, பிறகு மார்பு, பிறகு ஊன்றிய காலின் முழங்கால், பிறகு தூக்கிய கால், கடைசியில் கைகளும் தலையும். காலிலிருந்து தொடங்கினால் பாதம் வழுக்கும். திரையில் பனிமேல் சறுக்குவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். இரு கால்களும் அகன்ற ஃப்ரேமில் இடுப்பு கீழே, ஒரு கால் மற்றதைக் கடக்கும் ஃப்ரேமில் 3 மி.மீ. மேலே. இந்த மூன்று மில்லிமீட்டரை விட்டால் நடையில் உயிர் இருக்காது. கிழவனுக்கு இதையே 1 மி.மீ. ஆக்கி, அடிக்கு 9 ஃப்ரேம் கொடுத்துப் பாருங்கள். கூன் வெட்டாமலேயே வயது வந்துவிடும்.

திரும்புவதுதான் கஷ்டம். நிழலுருவுக்குப் பக்கவாட்டுத் தோற்றம் மட்டுமே உண்டு. தலையை இரண்டு ஃப்ரேமில் தாழ்த்தி, கைகளை உடலோடு ஒட்டி, மூன்றாவதில் பொம்மையைக் குப்புறப் புரட்டி வைத்து, மறுபடி தலையை நிமிர்த்தினால் கண் ஏமாந்துவிடும். புரட்டினால் நாணயம் அடியில் போய்விடும் என்பதால் வலதுக்கும் இடதுக்கும் தனித்தனிப் பொம்மை செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

பின்னணிக்கு டிரேசிங் தாள் அடுக்குகள். தூர மலைக்கு ஓர் அடுக்கு, நடு மலைக்கு இரண்டு, அருகில் உள்ளதற்கு நான்கு. மேகத்தை வெட்டாமல் கிழிக்கவேண்டும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நெளியும், நெளிவு ஒவ்வொன்றும் சாம்பல் கோடாக விழும். ஓரங்களைக் கிளிப் போட்டு இழுத்துவைத்தால் சமாளிக்கலாம். ரைனிகர் கண்ணாடிகளை அடுக்கி ஆழம் காட்டினார், இதேபோல் படங்களை அடுக்குகளாக வைத்து எடுக்கும் டிஸ்னியின் மல்டிபிளேன் கேமரா 1937-இல் திரைக்கு வருவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே. போனில் தூர அடுக்கு அப்படி மங்கலாகத் தெரியாது. சிறிய சென்சாருக்கு எல்லாமே ஃபோகஸில் இருக்கும். மாற்றுவழி உண்டு. பின்னணி மரத்தை டிரேசிங் தாளுக்கு 5 மி.மீ. கீழே வைத்தால் அதன் விளிம்பு தானே கரைந்துபோகும்.

நம்மூர்த் தோல்பாவையோடு இதை ஒன்றாக்கிப் பேசுவது வழக்கம். செய்து பார்த்தால் உறவு தூரம் என்று தெரியும். தோல்பாவை ஒளியை விடும், வண்ணம் காட்டும், ஆட்டுபவர் கை அந்த நொடியே பேசும். ரைனிகரின் அட்டை ஒளியை முழுக்க அடைக்கும், ஆட்டுபவர் ஒரு நொடியை 12 அல்லது 24 துண்டாக்கி யோசிக்கவேண்டும். தோல்பாவைக்கு நெருங்கிய அனிமேஷன்காரர் என்றால் ஜப்பானின் நோபுரோ ஓஃபுஜிதான். தம் ‘திமிங்கிலம்’ படத்தை 1952-இல் வண்ணச் செலோஃபேன் துண்டுகளால் மறுபடி எடுத்தார். அதன் கடல் இன்றும் அசத்துகிறது. பரிசுப்பொருள் சுற்றும் செலோஃபேனில் முயன்றதில் வண்ணம் அருமையாக வருகிறது, நீலத்தின்மேல் பச்சை ஏறும் இடம் தனி நிறமாக மின்னுகிறது. தொல்லை நிலைமின்சாரம். துண்டு விரலோடு ஒட்டிக்கொண்டு எழும், வைத்த இடத்தில் நிற்காது. கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, துண்டின் ஓரத்தில் கறுப்பு அட்டைச் சட்டம் ஒட்டிய பிறகு அலைகள் ஓரளவு சொன்னபடி கேட்கின்றன. படகு இன்னும் கேட்கவில்லை.