லயத்து இஸ்தோப்பிலிருந்து வீடியோ கோல்

ஒரு பிள்ளை குவைத்தில், ஒரு பிள்ளை கொழும்புக் கடையில், அம்மாவும் அப்பாவும் இலங்கை மலையகத்து மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில். இவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால், போனைப் பார்க்கும் முன் உட்காரும் இடத்தைப் பாருங்கள்.

லயத்துக் காம்பராவுக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்குள்) வேண்டாம். தகரக் கூரை சிக்னலை மறிக்கும். மழை பிடித்தால் பேச்சே கேட்காது. இஸ்தோப்புதான், அதாவது வாசல் திண்ணைதான், தோது. அங்கேயும் அம்மாவை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் கறுத்துவிடும். கமரா பின்னாலிருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிபண்ணிக்கொள்வதுதான் காரணம். வெளிச்சம் முகத்தில் விழட்டும்.

போனைக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் நெற்றியும் முகடும்தான் தெரியும். சிலர் அரிசி நிறைந்த சுண்டில் (அளவுப் பாத்திரத்தில்) செருகி நிறுத்துவார்கள். மைக் இருப்பது போனின் அடியில். அரிசி அதை அடைத்துவிடும், அப்புறம் "கேக்குதா, கேக்குதா"தான். நிறைந்த சீனி டின்னில் படுக்கைவாட்டில் சாய்த்து, வழுக்காமல் அடியில் ஒரு துவாயை மடித்துப் போடுங்கள். பக்கத்துக் காம்பராவிலும் அதே கோல் ஓடினால் இரண்டு போனும் கீச்சிடும். ஒன்றை மியூட் பண்ணி, அதன் ஸ்பீக்கர் சத்தத்தையும் குறைத்துவிடுங்கள்.

குவைத்தும் கத்தாரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னுக்கு: இங்கே இரவு 7.30 என்றால் அங்கே மாலை 5. துபாய்க்கு ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், ஆனால் அங்கே வட்ஸ்அப் கோல் பொதுவாக எடுபடாது, ஸூம் எடுபடும். காசு கட்டாத ஸூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பரவாயில்லை, அதற்குமேல் நீண்டால் பேச்சு மாமியார் கதைக்குப் போய்விடும்.

தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தைக் காட்டப் போகிறீர்களா? ஸூம் தப்பு மேளச் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். ஆடியோ செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட்' போடுங்கள். தப்புக்காரரிடமிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள், கிட்டப் போனால் மைக்கில் சத்தம் கிழியும். சேர்ந்து பாட மட்டும் முயல வேண்டாம். சத்தம் பிந்தி வருவதால் தாளம் சேராது. ஒருவர் பாட மற்றவர்கள் மியூட்டில் இருக்கட்டும்.

டேட்டா குறைவென்றால் வட்ஸ்அப் செட்டிங்கில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்குள் கோலுக்குக் குறைந்த டேட்டா என்பதைப் போட்டு வையுங்கள். படம் உறைந்து நின்றால் கமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் காப்பாற்றுங்கள்.

"சரி, வைக்கிறேன்" என்றபின் அம்மா சிவப்புப் பொத்தானை அமத்தினாரா பாருங்கள். போனைக் கவிழ்த்து வைத்தால் கோல் முடிந்தது என்றே பலர் நினைக்கிறார்கள்.